இடது கைப் பெருவிரல்

ஆஸ்பத்திரி வழக்கோடு வருகிறவர்கள் ஜவுளிக்கடைக் கட்டைப் பையோடுதான் வருவார்கள். எக்ஸ்ரே உறை, ஸ்கேன் படம், மருந்துக்கடை பில், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். சில பைகளில் விபூதிப் பொட்டலம்கூட இருக்கும். எல்லாவற்றையும் மேசையில் கொட்டச் சொல்லிவிட்டு ஒரு தாளைத் தேடுவேன். பழக்கத்தில் தேடுவதுதான், அது அந்தப் பையில் இருக்காது என்று தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்குகிறார்களே, அந்தச் சம்மதப் படிவம். அதை ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் கோத்துவிடுவார்கள். நோயாளிக்கு ஒரு நகல் கொடுக்கிற இடத்தை இந்த முப்பது வருஷத்தில் நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏதாச்சும் கையெழுத்துப் போட்டீங்களா?" என்று கேட்டால், "நெறையாப் போட்டோம் சார்" என்பார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "அதெல்லாம் யாரு சார் பாத்தா?"

என் அப்பா பத்திர எழுத்தர். மேலூரில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கீற்றுக் கொட்டகையில் நாற்பது வருஷம் எழுதினார். படித்துப் பார்த்தும், படிக்கச் சொல்லிக் கேட்டும், சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம் என்ற வாசகத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை எழுதியிருப்பார். விற்கிறவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றால் முழுப் பத்திரத்தையும் உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் உடனே மைப்பெட்டியைத் திறக்கமாட்டார். "என்ன எழுதியிருக்குன்னு இப்ப நீ சொல்லு பாப்போம்" என்பார். விற்கிறவர் வாயால் தொகை வர வேண்டும், நாலெல்லையும் வர வேண்டும். ஒருவர் கிழக்கெல்லையை மாற்றிச் சொல்லிவிட்டார் என்பதற்காக மறுபடியும் முதலிலிருந்து படித்ததை, பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் இடது கைப் பெருவிரலைப் பிடித்து உருட்டுவார். அரை ஏக்கர் புஞ்சைக்கு அவ்வளவு பாடு.

1994-ல் நான் வக்கீலாகப் பதிவுசெய்து மதுரையில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். சிவில்தான் அவருடைய பிழைப்பு. அடுத்த வருஷம் நவம்பரில் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. காசு வாங்கிக்கொண்டு பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை, அதில் குறை என்றால் நோயாளி நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம், எல்லாருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற இடம் மட்டும் இதில் சேராது என்று தீர்ப்பு. சீனியர் சட்ட இதழை மூடிவைத்துவிட்டு, "தெரு முக்கு டாக்டருக்கு நீ நோட்டீஸ் அனுப்பிட்டா, நாளைக்குக் காய்ச்சல் வந்தா எங்கடா போவ?" என்றார். சொல்லிவிட்டு, வந்த முதல் ஆஸ்பத்திரிக் கட்டை என்னிடம் தள்ளிவிட்டார். என்னுடைய தொழில் இந்தப் பக்கம் திரும்பியது அப்படித்தான்.

2002-ல் தனியாக அலுவலகம் போட்டபின் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அப்பாவுக்குச் சாதாரண ஆபரேஷன் என்று சேர்த்தார்கள், மூன்றாம் நாள் இறந்துவிட்டார். பணம் வேண்டாம், அந்த டாக்டரை உள்ளே தள்ள வேண்டும் என்றான். அவன் கோபம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். போலீஸ் எடுக்கவில்லை என்றதும் மேஜிஸ்திரேட் முன் தனிப் பிராது போட்டேன். சத்தியப் பிரமாண வாக்குமூலம், வாய்தா, மறுபடி வாய்தா என்று மூன்று வருஷம் ஓடியது.

2005 ஆகஸ்ட்டில் ஜேக்கப் மேத்யூ எதிர் பஞ்சாப் மாநிலம் தீர்ப்பு வந்தது. லூதியானாவில் நடந்த சம்பவம். மூச்சுத் திணறிய நோயாளிக்கு ஆக்ஸிஜன் வைக்கப் பார்த்தால் சிலிண்டர் காலி. மகன் பக்கத்து அறைக்கு ஓடி இன்னொரு சிலிண்டரைக் கொண்டுவந்திருக்கிறார். அந்த வழக்கிலேயே மருத்துவர்மீது குற்ற வழக்கு நிற்காது என்றது உச்ச நீதிமன்றம். இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு வேறு, ஜெயிலுக்குப் போதுமான கவனக்குறைவு வேறு; பின்னது மிக மோசமானதாக இருக்க வேண்டும். தனிப் பிராது போடுகிறவர், தகுதியுள்ள இன்னொரு மருத்துவரின் நம்பத்தகுந்த கருத்தைக் கோர்ட்டில் வைக்க வேண்டும். விசாரிக்கும் போலீஸ் அதிகாரியும் நடுநிலையான மருத்துவக் கருத்தை, முடிந்தால் அரசு மருத்துவரிடமிருந்து, வாங்க வேண்டும். எடுத்தவுடன் கைது கூடாது.

அடுத்த வாய்தாவில் மேஜிஸ்திரேட் கேட்டார்: "டாக்டர் ஒப்பீனியன் இருக்கா?" என்னிடம் இல்லை. ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் எழுதிக்கொடுப்பாரா என்று மதுரை முழுக்க அலைந்தேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், எழுத்து கொடுக்கவில்லை. பிராது தள்ளுபடி. சரி, நுகர்வோர் மன்றத்துக்குப் போவோம் என்று திரும்பினால் இரண்டு வருஷக் கெடு எப்போதோ முடிந்திருந்தது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டேன். கிரிமினல் கோர்ட்டில் இருந்தது இங்கே வரத் தடையா என்று கேட்டார்கள். தடை இல்லைதான். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தியிருக்கலாம், நடத்தியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அந்தப் பையன் என்னைத் திட்டவில்லை. கட்டைத் திருப்பிக் கேட்கவும் வரவில்லை. அது இன்னும் என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

அதிலிருந்து யார் வந்தாலும் முதல் நாளே இரண்டு வேலை. ஒன்று, இறந்த தேதியையும் ஆபரேஷன் தேதியையும் டைரியில் குறித்து, இரண்டு வருஷம் கழித்து வரும் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போடுவது. இன்னொன்று, கேஸ் ஷீட் நகல் கேட்டு அன்றைக்கே எழுத்தில் மனுக் கொடுக்கச் சொல்வது. நோயாளியோ அவரது பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து நெறிமுறை விதி சொல்கிறது. மனு கொடுத்ததற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிட்டால் பாதிக் கேஸ் முடிந்த மாதிரி. நாள் கடந்தால் கேஸ் ஷீட்டின் எழுத்து அழகாகிவிடும். நான்கு நாள் இரவும் பகலும் வேறு வேறு நர்ஸுகள் எழுதியிருக்க வேண்டிய குறிப்பு, ஒரே பேனாவில், ஒரே சாய்வில், அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்து சேரும்.

நான் நோயாளிகளுக்கு மட்டும் ஆஜராகிறவன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குப் போன். பணியில் இருந்த டாக்டர், படிப்பு முடித்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அவசர சிகிச்சைக்கு வந்தவர் இறந்துவிட, கூட வந்தவர்கள் வரவேற்பறைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். நான் போனபோது அவர் ஸ்டேஷன் பெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். வெளியே இறந்தவரின் தம்பி, "எங்கண்ணனக் கொன்னுட்டு இங்க ஏசி ரூம்ல உக்காந்திருக்கா" என்று கத்திக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் ஏசி கிடையாது. கண்ணாடி உடைத்தவர்கள்மேல் 2008-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குப் போடலாம். ஜாமீனில் வர முடியாத குற்றம். இன்ஸ்பெக்டர் விவரமானவர். ஜேக்கப் மேத்யூ தீர்ப்பைப் பெயரோடு சொன்னார். சந்தேக மரணம் என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நூற்றி எழுபத்து நாலாம் பிரிவில் பதிவு செய்து, உடலைப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பி, டாக்டரை வீட்டுக்குப் போகச் சொன்னார்.

பரிசோதனை அறிக்கை மாரடைப்பு என்று வந்தது. இரண்டு தரப்பையும் என் அலுவலகத்தில் உட்காரவைத்தேன். அந்தத் தம்பி கேட்டது ஒன்றுதான்: "உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தர் வெளிய வந்து சொல்லியிருந்தா நாங்க ஏன் சார் கல்ல எடுக்குறோம்?" டாக்டர் எழுந்து, அந்த நாற்பது நிமிஷத்தில் என்னென்ன மருந்து, எத்தனை தடவை ஷாக் என்று வரிசையாகச் சொன்னார். கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதை அன்றைக்கு ராத்திரியே சொல்லியிருக்கலாம். சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. அந்தப் பெண் ஒருத்திதான் மார்பை அழுத்திக்கொண்டிருந்தாள்.

2024 ஜூலை 1 முதல் 304ஏ போய், பாரதிய நியாய சன்ஹிதாவில் 106 வந்திருக்கிறது. மற்றவர்களின் கவனக்குறைவுக்குத் தண்டனை ஐந்து வருஷம் வரை என்று ஏறிவிட்டது. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்தால் பழையபடி இரண்டு வருஷம் வரைதான். டாக்டருக்கு மட்டும் என்ன சலுகை என்று கட்சிக்காரர்கள் கேட்கிறார்கள். இரண்டோ ஐந்தோ, அந்த எண்ணைப் பார்த்துக் கிரிமினல் வழக்குக்கு ஆசைப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. முப்பத்தெட்டு வயது. சினைப்பையில் கட்டி என்று ஆபரேஷனுக்குச் சேர்ந்தார். கண் விழித்தபோது கர்ப்பப்பையும் போயிருந்தது. தியேட்டரில் வயிற்றைத் திறந்து பார்த்ததும் கர்ப்பப்பையும் சரியில்லை என்று டாக்டருக்குத் தோன்றியிருக்கிறது. உதவியாளர் வெளியே ஓடி வந்து கணவரிடம் இன்னொரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வழக்கு மன்றத்துக்கு வந்தது 2010-ல். முதல் படிவத்தில் அந்த அம்மாவின் ரேகை, கட்டியை அகற்ற மட்டும். இரண்டாவதில் கணவரின் கையெழுத்து, கர்ப்பப்பைக்கு. ஆஸ்பத்திரி வக்கீலின் வாதம் எளிது: புருஷன் போட்டுவிட்டான்.

நல்லவேளையாக, 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் கிட்டத்தட்ட இதையே தீர்த்துவைத்திருந்தது. லேப்ராஸ்கோப்பிச் சோதனைக்கு ஒப்புக்கொண்ட பெண்ணுக்குக் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அவர் மயக்கத்தில் இருக்க, வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கினார்கள். வயது வந்த, புத்தி தெளிந்த நோயாளி கொஞ்ச நேரம் மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக வேறொருவர் அவருக்குப் பதில் ஒப்புக்கொள்ள முடியாது, உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் ஒழிய. ஒரு சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஓடாது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், நல்லெண்ணத்தில் செய்தார் என்பதற்காக அந்த வழக்கில் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான். அதோடு டாக்டர் தன் கட்டணத்தைக் கேட்க முடியாது என்றார்கள். இதை முன்கூட்டியே என் கட்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். "எவ்வளவு வருதோ வரட்டும் வக்கீலய்யா" என்றார்.

நுகர்வோர் மன்றத்தில் குறுக்கு விசாரணை அபூர்வம். பிரமாணப் பத்திரத்தைத் தாக்கல் செய்து வாதத்துக்குப் போய்விடுவார்கள். மனுப் போட்டுக் கேட்டு டாக்டரைக் கூண்டில் ஏற்ற அனுமதி வாங்கினேன். இருபது கேள்வி எழுதிவைத்திருந்தேன். அனஸ்தீசியா சார்ட்டைக் கையில் கொடுத்தேன். மயக்கம் கொடுத்த நேரம் 11.05. கணவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் யாரோ எழுதியிருந்த நேரம் 11.40.

"பதினொன்னு நாப்பதுக்கு நோயாளி பேசற நிலையில இருந்தாங்களா டாக்டர்?"

"இல்ல."

"கர்ப்பப்பைய அப்பவே எடுக்காட்டி உயிருக்கு ஆபத்தா?"

அந்த டாக்டரம்மா கொஞ்ச நேரம் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வக்கீல் எழுந்தார், அதற்குள் பதில் வந்துவிட்டது. "அப்படிச் சொல்ல முடியாது. ரெண்டாவது தடவை வயித்தத் திறக்க வேண்டாமேன்னு நெனச்சேன்."

மீதிப் பதினெட்டுக் கேள்வியையும் மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அனேகம் பேர் சொல்வார்கள்.

எதிர்த் தரப்பு வக்கீல் கடைசியாக அந்த 2002 நெறிமுறை விதியைப் படித்தார். ஆபரேஷனுக்கு எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டியவர்களின் வரிசையில் கணவன் அல்லது மனைவி முதலில், மைனர் என்றால் பெற்றோரோ பாதுகாவலரோ அடுத்து, நோயாளி கடைசியில். எழுதியவர் கையில் அப்படி வந்துவிட்டது. பிள்ளை பெறும் சக்தியைப் போக்கக்கூடிய ஆபரேஷன் என்றால் கணவன் மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இருவரும் என்றால் அதில் மனைவியும் சேர்த்திதானே என்று கேட்டேன். வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தது. பெரிய தொகை இல்லை. ஆஸ்பத்திரி மேல்முறையீடு போகாமல் கட்டிவிட்டது.

தீர்ப்பு நகல் வாங்க வந்த அன்று அந்த அம்மா இரண்டாவது படிவத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஆங்கிலம். எழுத்துக் கூட்டிக்கூட அவரால் படிக்க முடியாது. "இதுல எம்பேரு எங்கன இருக்கு?" என்று விரலை வைத்துக் கேட்டார். மேலே நோயாளி எண் இருந்த கட்டத்தைக் காட்டினேன். பெயர் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதுவரை நானே அதைக் கவனித்திருக்கவில்லை. கவனித்திருந்தால் இருபத்தோராவது கேள்வி அதுதான். கணவர் வாசலிலேயே நின்றார். "உசுருக்கு ஆபத்துன்னு நெனச்சுத்தாய்யா போட்டேன்" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். தப்பான எண்ணத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமே அல்ல என்று தண்டனைச் சட்டத்தில் 90-ஆம் பிரிவு இருந்தது. அவருக்கு அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

படிவங்களின் கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை. என்ன நடந்தாலும் மருத்துவமனையோ மருத்துவரோ பொறுப்பல்ல, எந்தக் கோர்ட்டுக்கும் போகமாட்டேன் என்று ஒரு வரி பல படிவங்களில் இருக்கும். என் கணிப்பில், வந்திருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு வரியால்தான் வக்கீலிடம் வருவதில்லை. "நாந்தான் எழுதிக் குடுத்துட்டேனே" என்பார்கள். 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில், கோர்ட்டுக்குப் போகும் உரிமையை முழுக்கத் தடுக்கும் ஒப்பந்தம் 28-ஆம் பிரிவின்படி செல்லாது. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவைப் படித்தால் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாதான் ஞாபகம் வரும்: வயதாலோ நோயாலோ மன, உடல் வேதனையாலோ புத்தி தளர்ந்திருப்பவரிடம் ஒப்பந்தம் போடுகிறவர் அவரைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கக்கூடிய இடத்தில் இருக்கிறார் என்று அது கருதுகிறது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் நீட்டிய இடத்தில் கைநாட்டு வைப்பதை நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு வெள்ளைக்காரன் யோசித்திருக்கிறான்.

ஒப்பந்தத்துக்குப் பதினெட்டு வயது வேண்டும். தண்டனைச் சட்டமோ பன்னிரண்டுக்குக் கீழே போனால்தான் பிள்ளையின் சம்மதத்தைச் சம்மதம் இல்லை என்று ஒதுக்குகிறது. நடுவில் இருக்கிற ஆறு வருஷம் எங்கள் தொழிலில் நல்ல தலைவலி. ஒரு ராத்திரி தெரிந்த சர்ஜன் போன் செய்தார். பதினாறு வயதுப் பையன், ஹாஸ்டலில் இருந்து வந்திருக்கிறான், குடல்வால் வெடிக்கிற நிலை. அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வந்து சேர விடிந்துவிடும். வார்டன் கையெழுத்துப் போடப் பயப்படுகிறார். அவசரத்தில், நோயாளியின் நன்மைக்காக, சம்மதம் வாங்க வழியில்லாதபோது நல்லெண்ணத்தில் செய்வது குற்றமல்ல என்ற, அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவைச் சொன்னேன். "செக்‌ஷன் கெடக்கட்டும் சார், நாளைக்கு அவங்க அப்பா வந்து கேட்டா?" என்றார். அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வையுங்கள், விவரத்தைச் சொல்லுங்கள், பையனிடமும் சொல்லுங்கள், இன்னொரு டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேரம் போட்டு இரண்டு பேரும் எழுதுங்கள், கத்தியை எடுங்கள் என்றேன். காலையில் அப்பா பழத்தோடு வந்தாராம்.

கருக்கலைப்பில் கதை தலைகீழ். 1971-ஆம் வருஷத்துச் சட்டம் பதினெட்டு நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்கிறது. கணவர் கையெழுத்து எங்கும் கேட்கப்படவில்லை. ஆனாலும் "ஹஸ்பெண்டக் கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். வழக்குப் போட அவர்களுக்கு நேரம் கிடையாது, வாரம் ஓடிக்கொண்டிருக்கும். சட்டப் பிரிவை மேற்கோள் காட்டி லெட்டர்ஹெட்டில் நாலு வரி எழுதிக்கொடுப்பேன். பெரும்பாலும் அதுவே போதும்.

அரசு ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தபின் கருத்தரித்தவர்களின் வழக்குகள் தனி ரகம். இலவசச் சிகிச்சை, நுகர்வோர் மன்றம் இல்லை. அரசியலமைப்பின் 226-ஆம் கூறின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு ரிட். 2004-ல் மதுரைக் கிளை திறந்தபின் அதற்காகச் சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறுவது நின்றது. 2000-ல் ஹரியானாவைச் சேர்ந்த சாந்த்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கியது. 2005-ல் சிவ் ராம் வழக்கில், ஆபரேஷன் தோற்றதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது, கருத்தரித்தது தெரிந்தபின் பெற்றுக்கொண்டால் அது வேண்டாத குழந்தை அல்ல என்றது. பின்னதை ஒரு கட்சிக்காரருக்கு விளக்கினேன். "கலைக்க மனசு வரல சார், அதுக்கு நான் என்ன பண்ண?" என்றார். மடியில் அந்தப் பிள்ளை என் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தது.

அரசியலமைப்பின் 21-ஆம் கூறு ஒரே ஒரு வாக்கியம். அதில் மருத்துவம் என்ற சொல்லே கிடையாது. ஸ்கூட்டரில் வந்தவர் கார் மோதி விழுந்து, முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரி போலீஸ் கேஸ் என்று இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்ப, வழியிலேயே இறந்தார். 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் அதைக் கேட்டுத்தான், எந்த டாக்டரும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், சட்ட நடைமுறை அப்புறம் என்றது கோர்ட். 1996-ல் ரயிலிலிருந்து விழுந்த கூலித் தொழிலாளியைக் கொல்கத்தாவின் அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகப் படுக்கை இல்லை என்று திருப்பிய வழக்கில் அரசே 21-ஐ மீறியது என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் சிகிச்சை பெறும் உரிமை நுழைந்தது இப்படித்தான். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதே வாசல் வழியாகத்தான் வந்தது, 2018 மார்ச்சில், காமன் காஸ் தீர்ப்பில்.

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். எழுபத்தெட்டு வயது. மனைவி வென்டிலேட்டரில் ஐந்து வாரம் கிடந்து போனவர். தனக்கு அது வேண்டாம், இப்போதே எழுதிவைக்க வேண்டும் என்றார். 2018-ன் விதிப்படி மேஜிஸ்திரேட் மேலொப்பம் வேண்டும். எந்தக் கோர்ட்டில் போய் எந்த மனுவாகப் போடுவது என்றே யாருக்கும் பிடிபடவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்று இளக்கியது. மறுபடி கூப்பிட்டேன். மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு வந்தார்.

ஆங்கிலப் படிவங்கள் கிடைத்தன. நான் தமிழில் எழுதினேன். எழுத உட்கார்ந்ததும் கை தானாகவே அப்பாவின் வாசகத்துக்குப் போய்விட்டது. ஐயா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். முதல் பக்கத்தில் ஒரு வல்லினம் மிகாத இடத்தில் மிகுந்திருந்தது. சிவப்புப் பேனா கேட்டு வாங்கித் திருத்தினார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார். "தம்பி, எந்தச் சிகிச்சையும் வேண்டாம்னு போட்டிருக்கீங்க. வலிக்கு மருந்து வேணும். நான் அவ்வளவு தைரியசாலி இல்ல." மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வலி நீக்கும் மருந்தும் பராமரிப்பும் தொடர வேண்டும் என்று சேர்த்து, மறுபடி அச்செடுத்தேன்.

நோட்டரி வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். முத்திரை மைப்பெட்டி மேசையில் திறந்தே இருந்தது.

"என்ன எழுதியிருக்குன்னு நீங்க சொல்லுங்க ஐயா" என்றேன்.

"எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். யார் யார் முடிவுசெய்ய வேண்டும் என்று இரண்டு பெயரையும் சொன்னார். எந்த நேரமும் மனம் மாறினால் ரத்து செய்யலாம் என்றார். வலி மருந்தை மறக்கவில்லை. "எனக்கு நெனவு தப்பிட்டா உடனே எல்லாத்தையும் நிறுத்திடணும்" என்று முடித்தார்.

அது அப்படி இல்லை. நினைவு தப்பினால் மட்டும் போதாது. தேறவே மாட்டார் என்று சிகிச்சை செய்யும் டாக்டர் கருத வேண்டும், ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் குழு ஒன்று பார்க்க வேண்டும், அதை இன்னொரு குழு சரிபார்க்க வேண்டும். நாலாம் பத்தியில் எழுதியிருந்தேன்.

மைப்பெட்டியை மூடிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தேன்.